சைபரில் குடியிருந்த தையற்காரர்

நகர மக்கள் எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது. நம் நகரம் உயர்ந்துகொண்டிருக்கிறது. படிப்பிலோ வருமானத்திலோ அல்ல. அந்த மாதிரி உயர்வை யார் வேண்டுமானாலும் சாதித்துவிடலாம். நம் நகரம் தரையோடு, தார்ச்சாலையோடு, சாக்கடையோடு, நின்ற இடத்தில் நின்றபடியே உயர்ந்துகொண்டிருக்கிறது. இதை முன்கூட்டியே கணித்துச் சொன்ன நில மட்டக் கோட்பாட்டுக் கழகம், தான் சொன்னபடியே எல்லாம் நடக்கிறது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறது. யாரும் பதற வேண்டாம். உயரும்போது எதையும் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை.

ஒலிபெருக்கி வண்டி இதைச் சொல்லிக்கொண்டே தெருமுனையில் திரும்பியபோது, தையற்காரர் தலையைக் குனிந்துகொண்டு தன் கடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

இறங்கி என்பதைக் கவனிக்க வேண்டும். கடை போட்ட புதிதில் தெருவிலிருந்து படியேறித்தான் உள்ளே போவார்கள். பிறகு தெருவும் வாசலும் ஒரே மட்டத்துக்கு வந்தன. முழங்கால் வலிக்காரர்கள் வசதியாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். இப்போது குனிந்து இறங்க வேண்டியிருந்தது. மழை நாட்களில் வாடிக்கையாளர்களுக்கு முன்னால் தெருத்தண்ணீர் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். முன்பக்கம் அதிகமாகவும் பின்பக்கம் கொஞ்சமாகவும் இறங்கிப்போனதால் தரை சாய்ந்துவிட்டது. சமையலறையில் கைதவறிய வெங்காயம் யாரையும் கேட்காமல் கடைவரை வந்து தையல் மெஷினின் மிதிகட்டையில் முட்டி நிற்கும். சாய்ந்த தரையில் நிறுத்தி அளவெடுத்த பேண்ட்டுகள் வேறொரு பிரச்சினையைக் கிளப்பின.

"ஒரு காலு கணுக்காலுக்கு மேல நிக்குது, இன்னொரு காலு தெருவைக் கூட்டுது. இதைப் போட்டுக்கிட்டு நான் பொண்ணு பாக்கப் போகணுமா?" என்று ஒருவர் துணியை முகத்தில் விசிறிவிட்டுப் போனார்.

ஊர் உயர்கிறது என்ற பேச்சுக்கெல்லாம் காரணம் வாசல் சுவரில் இருந்த ஒரு பித்தளை ஆணி. கட்டைவிரல் பருமன். தையற்காரர் கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில், கழகத்து ஆட்கள் வந்து அதை அடித்துவிட்டுப் போனார்கள். நகரத்தின் உயரங்களையெல்லாம் இனி இந்த ஆணியிலிருந்துதான் அளப்போம், இதுதான் சைபர், அதாவது பூஜ்யம் என்றார்கள். ஏன் இந்த வீடு என்று கேட்டதற்கு, வண்டி இங்கேதான் பஞ்சராகி நின்றது என்றார் அவர்களில் ஒருவர். மற்றவர்கள் அவரை முறைத்தார்கள். தையற்காரருக்கு அப்போது கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. தெருவில் வேறு யார் வீட்டிலும் சைபர் இல்லை.

மனைவி அதில் குடையை மாட்டினாள். அதற்காக, ஆணியைத் தொட்டால் ஜெயில் என்று கழகத்திலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது.

*

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் தம்பி கொத்தனார். அவன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான், கீழே உட்கார்ந்து அஸ்திவாரத்தைச் சுரண்டிப் பார்த்தான், பிறகு கையைத் துடைத்துக்கொண்டான்.

"மாமா, அடியில மண்ணு கரைஞ்சு போயிடுச்சு. மழைக்கு முன்னாடி ஜாக்கி வச்சுத் தூக்கி, கீழ கான்கிரீட் போட்டா வீடு பொழைச்சுக்கும். இல்லன்னா இந்த மழை தாங்காது. அக்காவைக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்பிடுங்க."

"எங்கடா கிளம்புறது? இருக்கிறதே இது ஒண்ணுதான்" என்றாள் மனைவி. பிறகு கணவனைப் பார்த்தாள். "ஏங்க, அந்த ஆணி ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. நாளைக்கு நம்ம மேல பழி வரக் கூடாது."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் தையற்காரர் கழகத்துக்குப் போனார்.

கழகம் நான்கு மாடிக் கட்டடம். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மொத்த நகரமும் பொம்மையாக இருந்தது. சின்னச் சின்ன வீடுகள், பாலம், மணிக்கூண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்பிரிங். பொத்தானை அழுத்தினால் நகரம் மொத்தமும் அப்படியே மேலே எழும்பும். ஓர் ஓரத்தில் ஒரே ஒரு வீடு மட்டும் பலகையோடு சேர்த்து ஆணியடிக்கப்பட்டிருந்தது. தையற்காரர் குனிந்து பார்த்தார். வாசலில் தையல் மெஷின்கூட வைத்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

மாடிப்படியில் அவருக்கு எதிரே வந்த ஓர் அதிகாரி, "கொஞ்சம் வழி விடுங்க, நான் எதிர்த்திசையில ஏறிக்கிட்டிருக்கேன்" என்றார். அந்தக் கட்டடத்தில் யாரும் இறங்குவதில்லை.

இயக்குநர் அன்பாகத்தான் வரவேற்றார்.

"உக்காருங்க. என்ன விஷயம்?"

"சார், என் வீடு இறங்குது சார்."

பக்கத்து மேசையில் தட்டச்சு நின்றது. இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?"

"தெருவை வச்சுத்தான் சார். தெரு மேல இருக்கு. நான் கீழ இருக்கேன்."

"சரியாத்தான் பாத்திருக்கீங்க. தெரு மேல போயிருக்கு."

"பக்கத்து வீடு சார்?"

"அதுவும் மேல போயிருக்கு."

"மணிக்கூண்டு?"

"மணிக்கூண்டு, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, எல்லாம் மேல. அதுவும் எல்லாம் ஒரே அளவு! ஒரு நூல் கூடக் குறைச்சல் இல்ல. இவ்வளவு ஒழுக்கமா உயர்ற நகரம் உலகத்துலயே வேற கிடையாதுய்யா. எங்க கணக்கு மாடல் அதை அச்சு அசலாச் சொல்லிடுச்சு."

"அப்போ என் வீடு மட்டும்?"

"உங்க வீடு இருக்கு."

"இருக்குன்னா?"

"இருந்த இடத்துல இருக்கு. அதுலதானே எங்க ஆணி இருக்கு? அது சைபர். சைபர் எப்படிங்க நகரும்? நகர்ந்தா அதுக்குப் பேர் சைபரா?"

தையற்காரர் யோசித்துப் பார்த்தார். சரியாகத்தான் பட்டது. அந்தக் கட்டடத்தில் இது ஒரு தொல்லை; உள்ளே இருக்கும்வரை எல்லாம் சரியாகப் படும். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் நினைவுக்கு வரும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "ஊரே மேல போகுதுன்னா, பாலத்துக்கு அடியில ஆத்துத் தண்ணி கீழ போயிருக்கணுமே? நேத்துகூடத் துவைச்சேன், அதே படிக்கட்டுலதான் நிக்குது."

மறுபடியும் போனார். மறுபடியும் அன்பாக வரவேற்றார்கள்.

"ஆறும் உயர்ந்திருக்கு" என்றார் இயக்குநர். "அதையும் அளந்துட்டோம். பக்கத்து மலையை அளந்தோம், அதுவும் உயருது. போன வாரம் ஒரு ஆர்வத்துல நிலாவை அளந்து பாத்தோம்." எழுந்து நின்றுகொண்டார். "அதுவும்தான். இந்தப் பிரபஞ்சத்துல உயராதது ஒரே ஒரு தையல் கடை. அதுல நீங்க குடியிருக்கீங்க. நீங்க எவ்வளவு கொடுத்துவச்சவர்னு உங்களுக்கே தெரியல."

தையற்காரர் நன்றி சொல்லிவிட்டு வந்தார். வேறென்ன செய்வது?

*

மாதா மாதம் ஆணியிலிருந்து நகரத்தை அளக்க ஓர் அம்மாள் வருவார். முக்காலியில் குழாய் மாதிரி ஒரு கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதால் தெருவில் அவருக்கு ஒத்தைக்கண்ணம்மா என்று பெயர். அதற்கு அவர் கோபித்துக்கொள்வதில்லை. அந்த மாதம் அவர் தன் ஆணியைத் தேடவே சிரமப்பட்டார். ஒரு காலத்தில் இடுப்புயரத்தில் இருந்தது இப்போது முட்டிக்குக் கீழே இருந்தது. தெருவில் மண்டியிட்டு உட்கார்ந்துதான் அளந்தார்.

"ஏம்மா, உங்களுக்கே தெரியலையா?" என்றாள் மனைவி, தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி.

ஒத்தைக்கண்ணம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மண்டி போட்டது நான். எனக்குத் தெரியாதா அக்கா? ஆனா எங்க வேலை சைபர்லேருந்து மத்ததை அளக்கிறது. சைபரை அளக்கிற வழக்கம் எங்க ஆபீஸ்ல கிடையாது. அதுக்குத் தனியா ஆளும் போடல."

"நீங்க சொல்லலாம்ல?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னார். அவர் கண்ணுல கோளாறுன்னு கட்டாய ஓய்வு குடுத்துட்டாங்க. நல்ல மனுஷன். இப்ப வீட்டுல உக்காந்து கொசு அடிக்கிறார், ஒண்ணு தவறாது."

போகும்போது, மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, பின்பக்கச் சமையலறையையும் ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டு போனார். அங்கேதான் வினை வந்தது. சைபரோடு ஒட்டிய சமையலறை, சைபரைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தது; ஆனால் நகரம் உயர்ந்த அளவுக்கு உயரவில்லை. மாடலில் இதற்கு இடமே இல்லை. கழகத்தில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

மூன்றாம் நாள் இயக்குநரே வந்தார், பின்னால் கோட்பாட்டுப் பிரிவு மொத்தமும். எல்லாரும் குனிந்து, எதிர்த்திசையில் ஏறி, கடைக்குள் வந்தார்கள். ஒருவர் நெற்றியில் நிலைப்படி இடித்தது. அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

"உங்க சமையலறை நகரத்தோட சேர முயற்சி பண்ணுது. வாழ்த்துகள்" என்றார் இயக்குநர் மனைவியிடம். "ஆனா ஏதோ ஒண்ணு அதைத் தடுக்குது. என்னன்னு கண்டுபிடிச்சுட்டோம்." அவர் தையல் மெஷினைச் சுட்டிக் காட்டினார். "இந்த மிதி. வருஷக்கணக்கா இவர் இங்க உக்காந்து பூமியைக் கீழ மிதிச்சுக்கிட்டிருக்கார். அடியிலேருந்து வர்ற உந்துதல் இந்த மிதியால அடிபடுது. இதுக்கு நாங்க தையல் மாறிலின்னு பேர் வச்சிருக்கோம். அதைச் சேர்த்ததும் மாடல் கச்சிதமாப் பொருந்திடுச்சு."

தையற்காரர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். இவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"அப்போ மிதிக்கிறதை நிறுத்திடவா சார்?"

"ஐயையோ! மாறிலின்னா மாறக் கூடாது. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே வேகத்துல மிதிக்கணும். வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"துணி இல்லாதப்ப?"

"துணி எங்க கணக்குல வரல."

அதிலிருந்து தையற்காரர் வெறும் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். சட்டைக்குக் காலர் வைக்கும்போது கால் தானாக நிதானப்படும். உடனே, வேகத்தைக் கண்காணிக்க எதிரே உட்காரவைத்திருந்த கழகத்து ஆள் தொண்டையைச் செருமுவான். காலர் கோணலாகும். பேண்ட்டுக்காக வருவதை நிறுத்தியிருந்த வாடிக்கையாளர்கள் சட்டைக்காக வருவதையும் நிறுத்தினார்கள். மழை மேகம் மலைப்பக்கம் கட்டிக்கொண்டிருந்தது.

*

"மாமா, இவங்க கிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல" என்றான் கொத்தனார் மைத்துனன். "ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவு. நான் நாலு ஜாக்கியும் ஆளுங்களும் கொண்டாறேன். பொழுது சாயறதுக்குள்ள தூக்கி நிறுத்திடலாம்."

"ஆணியைத் தொட்டா ஜெயில்னு எழுதியிருக்கேடா மாப்ளே."

"ஆணியை யார் தொடப் போறா? வீட்டைத்தானே தொடப் போறோம்."

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கிகள் வந்தன. மைத்துனன் முதல் ஜாக்கியின் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றினான். வீடு முனகியது. வெங்காயம் ஒன்று கடையிலிருந்து சமையலறைப் பக்கம் ஓர் அங்குலம் திரும்பி உருண்டது. மனைவி கையைத் தட்டி, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று தையற்காரர் நினைத்தபோதே, யார் போய்ச் சொன்னார்களோ, தெருமுனையில் ஜீப்புகளின் சத்தம் கேட்டது.

இயக்குநர் வீட்டு உடையிலேயே ஓடி வந்தார். "நிறுத்துங்க! நிறுத்துங்க! என்ன காரியம் பண்றீங்க? ஊரையே முழுக வைக்கப் பாக்குறீங்களா?"

"வீட்டைத் தூக்குறோம் சார்" என்றான் மைத்துனன்.

"எப்படித் தூக்குவே? அது சைபர்! அதைத் தூக்க முடியாது. நீ அந்தக் கைப்பிடியைச் சுத்தினா கீழ போறது ஊரு! ஆஸ்பத்திரி போகும், பள்ளிக்கூடம் போகும். ஒரு முழம் சுத்தினா ஊர் ஒரு முழம் கீழ போகும். அதுல எத்தனை குழந்தைங்க இருக்குன்னு யோசிச்சியா?"

மைத்துனன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டான். கான்கிரீட், கம்பி, கலவை எல்லாம் தெரிந்தவன்தான். இது அவன் தொழிலில் வராத கணக்கு. அதற்குள் தெரு கூடிவிட்டது. எதிர் வீட்டு மளிகைக்காரர்தான் முதலில் கத்தினார்.

"ஏன்யா, இத்தனை வருஷம் பக்கத்துல இருந்துட்டு எங்க அடிமடியிலயே கை வைக்கிறியே! உனக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணினோம்?"

"அண்ணே, என் வீடு விழப்போகுதுண்ணே."

"விழாதுன்னு ஆபீசர் சொல்றார்ல? அவர் படிச்சவர். நீ உன் ஒரு வீட்டைப் பாக்கிற, அவர் ஊரைப் பாக்கிறார்."

"இவன் ஜாக்கியச் சுத்தினப்பவே எனக்குத் தலை கிறுகிறுத்துச்சு" என்றாள் ஒரு கிழவி. மற்றவர்களுக்கும் கிறுகிறுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒருவர் தரையிலேயே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

ஜாக்கிகளைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. நகரத்தைத் தாழ்த்த முயன்றதாக மைத்துனன் மீது வழக்கு. வாசலில் ஒரு காவலர் நிறுத்தப்பட்டார். அவர் நல்ல மனிதர். வீடு முனகும்போதெல்லாம் எதிர்ப் பக்கம் போய் நின்றுகொள்வார்.

*

இதற்கு நடுவில் கழகத்தின் ஆண்டு விழா வந்தது. சைபரின் உறைவிடத்தைக் கௌரவிக்கும் வகையில் விழாவைத் தையற்காரரின் வாசலிலேயே வைத்தார்கள். கௌரவத்துக்கு மேல் கௌரவமாக, இயக்குநர் தன் விழா உடையை அவரிடமே தைக்கக் கொடுத்தார்.

"சார், இந்தத் தரையில அளவு சரியா வராது சார். வெளியில தெருவுல நிக்கிறீங்களா, எடுத்துக்கிறேன்."

"தெரு உயருதுய்யா. ஓடுற தரையில அளவெடுக்கலாமா? சைபர்ல நிக்கிறேன், எடு."

எடுத்தார். தைத்தார். கால் வேகம் குறையாமல் தைத்தார்.

விழா நாளில் இயக்குநர் மேடையேறியபோது பேண்ட்டின் ஒரு கால் கெண்டைச் சதையைக் காட்டியது, மற்றது செருப்பை மூடி இழுபட்டது. தையற்காரர் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றிப் பைக்குள் ஒளித்தார். ஆனால் இயக்குநர் குனிந்து இரண்டு காலையும் பார்த்தார், ஒரு கணம் யோசித்தார், பிறகு நீளமான பக்கத்துக் காலின் நுனிவிரலில் எம்பி நின்று, மற்ற முழங்காலை மடக்கிக்கொண்டார். உடை பொருந்திவிட்டது. அந்த நிலையிலேயே பேசினார்.

"மாடல் என்றால் என்ன? ஒரு சட்டை. நல்ல தையற்காரர் நல்ல அளவில் தைத்துக் கொடுத்த சட்டை. அது உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? சட்டையைக் கிழிப்போமா? அறிவுள்ளவன் உடம்பைத் திருத்துவான்! முன்னோர்கள் கண்ணால் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டார்கள். அதனால்தான் அடிக்கடி தவறினார்கள். நாங்கள் கணக்குப் போட்டுவிட்டுப் பார்க்கிறோம். கழகம் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் மாடலுக்கு எதிராக ஒரே ஓர் அளவீடுகூடப் பதிவானதில்லை. பதிவாக நாங்கள் விட்டதில்லை!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தையற்காரருக்கு ஒரு பித்தளைக் கேடயம் கொடுத்தார்கள். வீட்டுக்குள் அதை மாட்ட நேரான சுவர் இல்லாததால் மனைவி அதைக் கதவுக்கு அண்டை கொடுத்து வைத்தாள்.

"நீங்களாவது மேடையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். அவர் ஒத்தக் கால்ல நிக்கிறதைப் பாத்ததும் பாவமாப் போச்சு."

 அவள் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

மழை அந்த வாரமே பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. ஒரு பிற்பகல், தையற்காரர் வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தபோது, சுவர் துணி கிழிவது மாதிரி ஒரு சத்தம் போட்டது. காவலர்தான் முதலில் ஓடினார். மனைவி கணவனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க அந்த மிதியை! எழுந்திருங்க!" எழுந்துகொள்ளும்போதுகூட, மாறிலி நிற்கிறதே என்று அவருக்கு ஒரு பயம் இருந்தது. இருவரும் மூட்டையோடு எதிரே இருந்த பஸ் நிழற்குடைக்கு ஓடி, திரும்பிப் பார்த்தார்கள். மெஷினை எடுக்க முடியவில்லை.

அன்று மாலை மழை விட்டதும் ஒத்தைக்கண்ணம்மா வந்தார். வீடு இருந்த இடத்தில் விழுந்திருந்த பள்ளத்தின் அடியில், செங்கல் குவியலுக்கு நடுவே, பித்தளை ஆணி பளபளவென்று கிடந்தது. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி, அங்கிருந்து நகரத்தை அளந்தார்.

அளவைக் கேட்டதும் இயக்குநர் பஸ் நிழற்குடைக்கே ஓடி வந்து தையற்காரரைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? நாங்ககூட இவ்வளவு எதிர்பாக்கல!"

"சார், என் வீடு..." என்றார் தையற்காரர்.

"இருக்கு. அங்கயேதான் இருக்கு" என்றார் இயக்குநர், அவர் முதுகைத் தட்டியபடி.

மறுநாள் காலை ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாக வந்தது. நேற்றுப் பிற்பகல் நம் நகரம் ஒரே மூச்சில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் உயர்ந்திருக்கிறது. வரலாறு காணாத இந்த எழுச்சியின்போது ஒரு பள்ளியின் மணிகூட ஆடவில்லை, ஒரு வீட்டின் தண்ணீர்க் குடம்கூடத் தளும்பவில்லை என்பது நம் மாடலின் துல்லியத்துக்குச் சான்று. இதைக் கொண்டாட நாளை பொது விடுமுறை.

தையற்காரரின் வீடு இடிந்து விழுந்துவிட்டது.